மதகுக்கு முன் மௌன அஞ்சலி

எங்கள் பிரதேச சபையின் முந்திய பதவிக்காலம் நான்கு வருடம். முடியும் நேரத்தில் இன்னொரு வருடம் நீட்டினார்கள். மாதம் ஒன்றாக அறுபது அமர்வுகள் நடந்திருக்க வேண்டும். நான் எண்ணியது ஐம்பத்துமூன்று. மீதி ஏழில் நாலைக் கொரோனா தின்றது. மூன்று, போதிய உறுப்பினர்கள் வராமல் கலைந்தன. பார்வையாளருக்கென்று பின்சுவரோரம் நாலு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. அவற்றில் கால் ஆடாத ஒன்றைத் தேடி உட்கார்ந்து, ஐம்பத்துமூன்றையும் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ரோட்டுக்குக் கீழால் தண்ணீர் போக ஒரு மதகு. படுவான்கரையில், என் வீட்டுப் படலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தால் அந்த இடம் வரும். மாரியில் வயல்வட்டை வெள்ளமெல்லாம் அந்த உடைந்த மதகுக்கு மேலால்தான் பாயும். என் மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாதம் ஒருமுறை வாவிக்கு அக்கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகவேண்டும். கோடையில் ஓட்டோ வாசலுக்கு வரும். மாரியில் மதகுக்கு அப்பாலேயே நின்றுவிடும். பிறகு உழவு மெசின் என்கிற டிராக்டரின் பெட்டிதான். முழங்கால் மடங்காத ஒருத்தியைக் கதிரை வைத்து, இரண்டு பேர் தூக்கிப் பெட்டியில் ஏற்றவேண்டும்.

மதகுக்கான பிரேரணையை எங்கள் வட்டார உறுப்பினர் கொடுத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது செத்தால் முதலில் அனுதாபப் பிரேரணை, பிறகு மௌன அஞ்சலி, பிறகு மரியாதைக்காக அமர்வு ஒத்திவைப்பு. ஐம்பத்துமூன்றில் பதினொன்று அப்படிப் போயின. செத்தவர்களில் சிலர் எங்கள் மாவட்டத்தையே கண்டிராதவர்கள். அமர்வு நடந்த நாட்களிலோ பேச்சு. ஒரு காலை முழுவதும் "கௌரவ தவிசாளர் அவர்களே" என்பதை எண்ணினேன். நூற்று நாற்பத்துமூன்று தரம். மதகு என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை.

கடைசிக்கு முந்திய அமர்வில்தான் மதகு நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னர் என் அக்கா காலமாகியிருந்தார். எட்டாம் நாள் செலவு முடியாமலே நான் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் உறுப்பினர் என்னைக் கண்டதும் எழுந்தார். ஊரில் எல்லாருக்கும் நான் 'சேர்'.

"கௌரவ தவிசாளர் அவர்களே, நமது சேர்ர அக்கா காலமாகிட்டாங்க. செத்த வீட்டுக்காரர் முன்னுக்கு இரிக்கக்குள்ள நாம மதகு கதைக்கிறது மரியாதையில்ல."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். கும்பிடவும் வேண்டியிருந்தது. அமர்வு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த மாதம், கடைசி அமர்வில், மதகு ஏகமனதாக நிறைவேறியது. செயலாளரிடம் போனேன்.

"சேர், கூட்டறிக்கைய அடுத்த அமர்வில உறுதிப்படுத்தினாத்தான் நான் கை வைக்கலாம்."

"அடுத்த அமர்வு எப்ப?"

"சபை முடிஞ்சிதே, சேர்."

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சபையே இல்லை. தேர்தல் வருகிறது, வருகிறது என்றார்கள். வந்தது மாரிதான். இரண்டாவது மாரியில் மனைவி பெட்டியில் ஏற மறுத்துவிட்டாள்.

"ஏத்தி இறக்க நான் என்ன நெல்லு மூட்டையா? தண்ணி வத்தட்டும், போறன்."

கிளினிக் கொப்பியில் மூன்று மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. காலில் வந்த சின்னப் புண்ணை, தண்ணீர் வற்றிய பிறகு டாக்டர் பார்த்தபோது, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அவளுக்கு ஒன்பது கால்விரல்.

ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. புதிய தவிசாளர் பதவிக்கு இரண்டு பேருக்குச் சமமான வாக்கு. சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யார் வந்தால் எனக்கென்ன? முதல் அமர்விலேயே மதகு மறுபடி நிறைவேறியது. இனி இரண்டாம் அமர்வில் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தினால் போதும்.

அதற்கு மூன்று நாள் முன்னர், எங்கள் பழைய உறுப்பினர் மாரடைப்பில் இறந்துபோனார்.

சவம் எடுத்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வெட்கம்தான். ஆனால் மாரிக்கு இருந்தது நாற்பது நாள். அவருக்காக அமர்வை ஒத்திவைத்தால் மதகும் ஒரு மாதம் பிந்தும் என்று அவருடைய மனைவியிடம் சொன்னேன்.

"சேர், அவர் எத்தின பேருக்கு எழும்பி நிண்ட மனிசன் தெரியுமா?"

"பதினொரு பேருக்கு," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அழுத முகத்தோடு சிரித்துவிட்டார். "அப்ப அவருக்கு அஞ்சு நிமிசம் பிந்தி எழும்பினா என்ன வந்திரப் போகுது? மதகு முதல்ல முடியட்டும். நான் சொன்னதெண்டு தவிசாளரிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். தவிசாளர் தலையைச் சொறிந்தார். செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அனுதாபம் முதலில் வரவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடமும் ஒருவரும் பார்க்கவில்லை!

கூட்டறிக்கை நாலு நிமிடத்தில் உறுதியானது. பிறகு எல்லாரும் எழுந்து நின்றோம். இரண்டு நிமிட அஞ்சலி என்றார்கள். வழக்கமாக நாற்பது விநாடியில் முடித்துவிடுவார்கள். அன்று நான் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கிளினிக் கொப்பியை எடுத்துத் திகதிகளைப் பார்த்தாள்.

"எப்ப கட்டத் தொடங்குவாங்களாம்?"

"கொந்தராத்துக்காரரிட்டக் கேள்விப்பத்திரம் கோரவேணும். அதுக்கு இருபத்தொரு நாள். பிறகு..."

"மாரி வந்திரும்." கொப்பியை மூடினாள். "உழவு மெசின்காரனுக்குச் சொல்லி வையுங்க. இந்த முற நான் ஏறுறன்."