வெள்ளி பூசிய குட்டிச்சேவல்

ஹெர்மெலிந்தாவின் ஜன்னல் கம்பியில் ஒன்பது செடிகள் தொங்கின. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம். மரத்துண்டில் நூலால் கட்டிவிட்டால் கோபான் ஊர்த் தூறலை இலையாலேயே குடித்துக்கொண்டு கிடக்கும். அந்தச் செடியைக் குட்டிச்சேவல் என்பார்கள். எட்டு சும்மா வளர்ந்தவை. ஒன்பதாவது, அவள் புருஷன் அபெலினோவின் கையிலிருந்து வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செடி பறிக்க மரம் ஏறியவன் விழுந்து செத்தான். விறைத்த விரல்களைப் பிரித்து அவள்தான் எடுத்தாள்.

அதை மகள் ரொசெந்தாவிடம் சொன்னதே இல்லை. அப்பன் பேச்சை எடுத்தாலே "வேலையப் பாருடி" என்று தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஓர் அழுத்தக்காரி. ஆனால் சீருடைத் துணியிலிருந்து நிமிரும்போதெல்லாம் கண் ஒன்பதாவதுக்குத்தான் போகும். அது பச்சையாக இருக்கும்வரை மனுஷன் முழுசாகப் போய்விடவில்லை என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான், அவளுக்கே தெரியும்.

இந்த டிசம்பரில் ரொசெந்தா பிடிவாதமாக நின்றாள். "எத்தன வருஷம்மா எழவு வீடு மாதிரியே இருக்கறது? இந்தத் தடவ குடில் வெக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத."

ஹெர்மெலிந்தா சீருடைகளை மடித்து மூட்டை கட்டினாள். தைத்ததைக் கொடுக்கப் போய்விட்டு மதியம் திரும்பினால் வாசலிலேயே பெயிண்ட் வாடை. மூலையில் பாசியும் வண்ண மரத்தூளும் பரப்பிய குடில். சந்தையில் விற்பது போல ஒன்பது செடிக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்து அதில் வைத்திருந்தாள் மகள். பண்டிகை முடிந்ததும் குப்பைக்குப் போகிற சந்தைச் செடிக்கு அது சரி.

"எப்பிடி இருக்கு?" என்றாள் ரொசெந்தா. மூக்கு நுனியிலும் வெள்ளி.

"பளபளன்னு இருக்குடி."

ஏழு வருஷத்துக்கப்புறம் அந்தப் பெண் முகத்தில் இப்படிச் சிரிப்பைப் பார்க்கிறாள்.

மகள் வெளியே போனதும் ஒன்பதாவதை ஈரத்துணியால் துடைத்தாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். பெயிண்ட் அசையவில்லை, ஓர் இலைதான் ஒடிந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ் இரவில் பாலனைக் கிடத்தி ஜெபம் சொல்லியாயிற்று. இனி பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தித் திருநாள் வரை குடிலில் எதையும் எடுக்கக்கூடாது. தினமும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் தெளித்தாள். சொட்டுகள் வெள்ளியின்மேல் உருண்டு மரத்தூளில் விழுந்தன. உயிரோடிருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை. இலை வாடுவதையும் பெயிண்ட் மறைத்துவிடுகிறதே. நாற்பது நாளும் தெளிப்பதை விடவில்லை.

திருநாளன்று ஜெபம் முடிந்து உறவுக்காரர்கள் இலையில் பொதிந்து அவித்த சோளத் தமாலே தின்றுவிட்டுப் போனதும், பாலனின் தலைமாட்டிலிருந்த ஒன்பதாவதை எடுத்தாள். நடுக்குருத்தைத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. அடி முழுக்க அழுகல்.

"அத மட்டும் பத்திரமா எடும்மா" என்றாள் பின்னாலிருந்து ரொசெந்தா. "அது அப்பா பறிச்சதுதானே?"

ஹெர்மெலிந்தா திரும்பவில்லை. "உனக்கு யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ பாக்கறத வெச்சே தெரியாதா? அதனாலதான் சாமி பக்கத்துல வெச்சேன். அதுக்கு மட்டும் ரெண்டு தடவ அடிச்சேன், மங்காம இருக்கட்டும்னு." குரல் இறங்கியது. "வருஷா வருஷம் அப்பா நம்ம குடில்ல இருக்கட்டும்மா."

இலை வழியாகத்தான் அது குடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழு வருஷம் வாயைப் பூட்டி வைத்தவள் அவள்தான்.

"இருக்கட்டும்" என்றாள். முதுகு காட்டியபடியே, பிடுங்கிக்கொண்டு வந்த குருத்தை இருந்த இடத்திலேயே செருகி, நூலால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.