மட்டையால் தட்டிய மரியாதை

நேற்று டியூட்டி முடிந்து ஷார்ஜா ரோலாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊரிலிருந்து போன் வந்தது. நம் முருகேசன் போய்விட்டான். மாரடைப்பாம்.

சோனாப்பூர் லேபர் கேம்ப் ரூமில் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். துபாயில் சம்பளத்துக்கு ஆடிய சின்ன ஐஸ் ஹாக்கி அணி ஒன்று இருந்ததே, இன்று அதன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆடியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குப் பனித்தரை போட்டவன் சிவகங்கைக்காரன். நான் தரையைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினுக்கு டெக்னீசியன், அவன் கிளீனராக வந்து பனித்தரை போடும் வேலையைப் பிடித்துக்கொண்டவன்.

அணியைக் கலைக்கக் கம்பெனி முடிவு செய்துவிட்டது. கடைசி மேட்ச் முடிந்த மறுநாளே அரங்கம் குடோனாகிவிடும். அந்தக் கடைசி மேட்ச் அன்று காலை பார்த்து இரண்டு சில்லரில் ஒன்று நின்றது. தரை நெகிழ்ந்து, அங்கங்கே பள்ளம். மேனேஜர் கையை விரித்தார்.

"கலாஸ் பாய், மேட்ச் கேன்சல்."

முருகேசன் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். "மாஃபி, முடியாதுன்னு நாம சொல்லக் கூடாதுண்ணே. ஐஸ் சொல்லட்டும்."

சூடு ஏறாமலிருக்க விளக்குகளை அணைத்தான், கதவுகளைச் சாத்தினான். ஐஸ் தேய்க்கும் வண்டியை ஏற்றினால் தரை தாங்காது என்று துணியும் வாளியுமாக இறங்கினோம். உருகுகிற தரைக்குக் குளிர்ந்த தண்ணீர்தானே நல்லது என்று நான் வாளியை நிரப்பி ஊற்றப் போனேன். படித்தவன் புத்தி! அவன் பிடுங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டினான்.

"பச்சத்தண்ணி மேலாப்புல உறைஞ்சு, ஸ்கேட் பட்டதும் பேந்துரும். வெந்நிதான் அடியில ஒட்டும். உங்க சர்டிபிகேட்ட இன்னைக்கு ரூம்லயே வச்சிருக்கலாம்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வெந்நீர் பிடித்து வந்தேன். மெல்லிசாக, ஒன்று உறைந்தபின் இன்னொன்றாக, மாலை வரை தேய்த்தோம். முழங்கால் மரத்துப்போனது.

மேட்ச் நடந்தது. நம் அணி தோற்றது. ஆனால் தரை ஓர் இடத்தில்கூடப் பெயரவில்லை.

முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே போகவில்லை. முருகேசன் நின்ற பக்கம் வரிசையாக வந்து, மட்டைகளால் பனியைத் தட்டினார்கள். அவர்கள் வழக்கத்தில் அதுதான் பெரிய மரியாதை. இவனுக்கு அது தெரியாது. பதறிப்போய் என் கையைப் பிடித்தான்.

"ஐயையோ, ஐஸ் ஒடஞ்சிரும், நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

மறுநாள் உருகப் போகிற தரை அது. சிரித்தேன், கண்ணும் கலங்கியது.

முடியாது என்ற சொல்லை முதலில் நான் சொல்லக் கூடாது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான், இதை விடமாட்டேன்.

நேற்று ரூமுக்கு வந்ததும் மாப்புக் கட்டையை எடுத்துத் தரையில் தட்டினேன். வெகுநேரம் தட்டினேன். நிறுத்தச் சொல்ல அவன் இல்லை.