அறுந்த கயிறு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி ஞாயிறு காலை. டென்மார்க்கில், எஸ்பியர்க்கிலிருந்து ஸ்கீவவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நானும், என்னோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணையும். ஊரைவிட்டு வரும்போது கடலில் இறந்துபோன அவருடைய தம்பிக்கு அன்று திவசம். தம்பியின் மனைவி ஸ்கீவவில் இருக்கிறார். நேரம் இருந்ததால் வழியில் ஒரு சிறிய போர் அருங்காட்சியகத்தில் இறங்கினோம்.

கூரையிலிருந்து ஓட்டோகைரோ என்ற சிறிய பறக்கும் பொறி ஒன்று தொங்கியது. எஞ்சின் இல்லை. மேலே காற்றில் சுழலும் மூன்று தகடுகள், கீழே ஒருவர் உட்கார இருக்கை. போர்க்காலத்தில் நீர்மூழ்கிகள் இதைக் கயிற்றில் கட்டி, மேலே பறக்கவிட்டு இழுத்துச் சென்றனவாம். மேலே இருப்பவர் தூரத்துக் கப்பல்களைப் பார்த்துத் தொலைபேசியில் கீழே சொல்வாராம்.

"எங்கட பட்டம்தான். கூவுற விண் மட்டும் பூட்டேல்லை," என்று அண்ணை சிரித்தார்.

கண்ணாடியை மறந்து வந்ததால், பலகையை வாசிக்கச் சொன்னார். ஊரில் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஆனாலும் அவசரத்தில், "எதிரியைக் கண்டு நீர்மூழ்கி தாழவேண்டி வந்தால் கயிறு அறுந்திடும். ஆள் கடலோடை," என்றேன்.

"அறுந்திடுமோ, அறுப்பினமோ? வடிவாய்ப் பார்."

பார்த்தேன். டேனிஷில் தெளிவாகவே எழுதியிருந்தது. "அறுப்பினம்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அறுத்தவனுக்குப் பிறகு நித்திரை வந்திருக்குமோ அண்ணை?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"வராது."

காரில் ஏறியபின் சொன்னார். தம்பியின் படகில் எஞ்சின் நின்றுவிட, தன் படகில் கட்டி இழுத்திருக்கிறார். பின்னால் ரோந்துப் படகு. அவருடைய படகில் பதினொரு பேர், அதில் நான்கு குழந்தைகள். கத்தி அவர் கையில் இருந்தது.

"அறுந்தது எண்டுதான் தம்பியின்ர மனுசிக்குச் சொன்னனான். இண்டைக்கு உண்மையைச் சொல்லப்போறன்."

ஸ்கீவவில் படையல் முடிந்து இலை போட்டார்கள். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று தம்பியின் மகள் டேனிஷில் கேட்டாள். அண்ணை வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டார்.

"கயிறு அறுந்துபோச்சு பிள்ளை. அதுக்குப் பெரியப்பா என்ன செய்யிறது? பாவம், அவரும் எவ்வளவு அழுதவர்."

சோற்றில் வைத்த கையை அண்ணை எடுக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம். அறுந்துபோச்சு," என்றார்.

அறுந்தது, அறுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எத்தனையோ எழுத்துப் பிழைகளைத் திருத்திய நான், அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை அப்படியே விட்டிருக்கிறேன்.