ஏழாவது துண்டு

எங்கள் குவில்ட் சங்கத்தின் நான்காம் விதி தெளிவானது: ஒவ்வொரு சதுரமும் பன்னிரண்டரை அங்குலம், துணி புதிய பருத்தி, பழந்துணி கூடாது. துண்டுகளைச் சதுரமாகத் தைத்து, சதுரங்களை இணைத்துப் போர்வையாக்கும் இந்த வேலைக்கு, கனடாவில் கடையிலிருந்து புதுத்துணி வாங்கி அதை வெட்டித் துண்டாக்குகிறார்கள். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த நான் பொழுது போகச் சேர்ந்தேன். அடுத்த போர்வைக்குத் துணி தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், சாயம் போன ஒரு சிவப்புத் துணியை மேசையில் வைத்தேன். செயலாளர் மார்கரெட் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“துவைத்தீர்களா?”

“இல்லை. இது அரசாங்கத் துணி.”

எந்த அரசர் என்று மரியாதையாகக் கேட்டார்.

1961இல் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. கோப்புக்கட்டு சுற்றும் சிவப்புத் துணி கிழிந்தால், பதிவேட்டில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் எரிக்க வேண்டும். அப்படி ஒதுக்கிய ஒன்றைத்தான் பியூன் கோவிந்தசாமி கேட்டார். அவர் மனைவி முனியம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில். ஏழு இடத்தில் கேட்டு வாங்கிய பழந்துணியை ஒட்டுப்போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்துவதாக மேல்மலையனூரில் வேண்டுதல். ஆறு சேர்ந்துவிட்டது.

“ஏழாவதுக்கு ஆபீஸ்தான் கெடச்சுதாய்யா?”

“இங்க வந்த பேப்பர் ஒண்ணாவது செத்துருக்குதா சார்? அந்த ஆயுசு எம்புள்ளைக்கும் வரட்டும்.”

“எடுத்துக்கினு போ. நான் பாக்கல.”

“கேட்டு வாங்கணும் சார். திருடுனா தங்காது.”

கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. விழுப்புரத்து மேலலுவலகத்துக்கு எழுதினேன். துணியின் நீள அகலம் கேட்டார்கள், அனுப்பினேன். பெறுபவரின் பெயர், வயது கேட்டார்கள். பெயர் இல்லை, வயது இன்னும் தொடங்கவில்லை என்று பதில் எழுதினேன். அதன்பின் சத்தமில்லை.

ஐப்பசியில் செல்வி பிறந்தாள். நான்காம் மாதம் பார்க்கப் போனேன். நீல வாயில் சேலைத் துண்டு, யாருடைய லுங்கியோ, மாவு மூட்டைத் துணி என்று ஆறும் தைத்திருந்தது. நடுவில் சதுரமாக ஓட்டை. பக்கத்தில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றே நினைவூட்டுக் கடிதம் போடுகிறேன் என்றேன். முனியம்மா பதறினாள்.

“வேணாம் சார்! முன்ன ரெண்டும் மூணு மாசம் தாண்டல. இது தாண்டிச்சு. மனு நடந்துக்கினு இருக்கறப்ப சாமி எப்படி முடிக்கும்? நீங்க ஜல்தி பண்ணி பேஜாரு பண்ணாதீங்க.”

விதிகளில் இதற்கு மறுப்பு இல்லை. நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பேர்போன நான் அந்தக் கோப்பை மட்டும் கட்டின் அடியில் செருகினேன். செல்விக்கு அம்மை போட்ட வாரம், விழுப்புரத்துத் தபாலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நல்லவேளை, பதில் இல்லை. ஆண்டுத் தணிக்கையில் துணி எங்கே என்றார்கள். எரித்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினேன். என் பணிக்காலத்தில் எழுதிய ஒரே பொய். துணி என் இழுப்பறையில் இருந்தது.

மார்கரெட் அதைத் திருப்பித் தந்து, விதிவிலக்குக் கேட்டு எழுதுங்கள், குழு பதில் சொல்லும் என்றார். எழுதியிருக்கிறேன், நினைவூட்ட மாட்டேன். நடுவே ஓட்டை விட்டுத் தைத்த என் சதுரம் ஜன்னலில் தொங்குகிறது. ஓட்டை வழியாகப் பனி தெரிகிறது. அங்கே சாம்பலான, இங்கே செல்லாத துணி என் சட்டைப்பையில்.

செல்வி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். விழுப்புரமும் பதில் போடாமலில்லை: ‘பிறக்கவிருக்கும் குழந்தைக்கு மேற்படி துணியை வழங்கலாம்.’ கோவிந்தசாமி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“இன்னும் பொறக்கலன்னே எழுதிட்டாங்களா? அப்ப ஆயுசு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார். துணி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அவர் வேலைக்கு வந்த காலை அது. 1967 ஜூன் 12.