கணக்கில் வராத பதினாலாம் நம்பர்

“…முதல் இடம்னு போட்டா உனக்கு எங்கய்யா நோவுது? அன்னிக்கு ரெண்டாவதா வந்தவன் எழுந்து வந்து கேக்கப் போறானா?”

கேட்டவர் என் கண்டமங்கலத்து நண்பர். கேட்ட இடம் விழுப்புரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுகிற பெண், மவுசைக் கையில் பிடித்தபடி, எங்கள் இருவரில் எவன் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நண்பர் மகளின் கல்யாண பேனர். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். சுற்றிலும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், கட்சிக்காரர் என்று யார் யாரோ கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சியில், செத்துப்போன பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய தாமரைப் பூவுக்குள் நண்பரின் தாத்தா. பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’. பெயருக்குக் கீழே, டிசைன் பெண் யாரும் கேட்காமலேயே சூட்டிய பட்டம்: ‘ரேஸ் சக்கரவர்த்தி’. அதற்கும் கீழேதான் தகராறு. ‘பிரான்சு கார் பந்தயத்தில் முதல் இடம்.’

எனக்கு நோகத்தான் செய்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் எனக்கு பேட்டரி கடை. பேட்டரியில் சார்ஜ் ஏற நேரமாகும். அதுவரை கடைக்காரனுக்கு வேலை கிடையாது. ஒரு தடவை புதுச்சேரியில் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு கிடந்தது. பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றைக் காலி பண்ணியபோது வந்ததாம். பேட்டரிக்கு அடியில் விரிக்க ஆகுமே என்று வாங்கி வந்தேன். பிரித்தால் எல்லாம் கார் பத்திரிகை. முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் ஐரோப்பாவில் ஓடிய சின்ன எஞ்சின் கார்களின் பந்தயங்கள். ஆயிரத்து நூறு சிசி, ஆயிரத்து ஐந்நூறு சிசி. சில வண்டிகள் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தன. அதில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவன், பக்கத்தில் முழங்கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு இன்னொருவன். இரண்டு பேர் முகத்திலும் எண்ணெய் வழிந்தது, இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

பெரிய வண்டிப் பந்தயங்களுக்கு யார் எத்தனையாவது என்று எழுதி வைக்க ஆள் இருந்திருக்கிறது. சின்ன வண்டிகளுக்கு நாதியில்லை. பத்திரிகைக்காரன் முதல் மூன்று பேரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். நாலாவதிலிருந்து கடைசி வரை யார் யார் என்று தேடித் தொகுக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சு தெரியாது. எண்களும், டயர், எஞ்சின், விலகினார் என்பது மாதிரி நாலைந்து வார்த்தைகளும் படித்துக்கொண்டேன். மீதியைப் போன் மொழிபெயர்க்கும். அது கூழ் மாதிரி வரும், நாம்தான் கையை விட்டுக் கட்டியைத் தேடி எடுக்க வேண்டும். இதே பைத்தியம் பிடித்தவர்கள் வெளிநாட்டில் மூன்று பேர் உண்டு. முகம் பார்த்ததில்லை; நாலு பேர் தொகுத்ததும் நெட்டில் ஒரே லிஸ்டாக இருக்கிறது. ஒரு பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தவன் யார் என்று எங்களுக்குள் ஒரு மழைக்காலம் முழுக்க மெயிலில் சண்டை நடந்தது. ஐந்தாவதாக வந்தவனே அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான்.

“செத்தவன் ஓட்டின வண்டிக்கெல்லாம் இவரு டோக்கன் கிழிச்சிக்கினு இருக்காரு” என்று கடைக்கு வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரி சொல்வாள். அந்தக் காலத்தில் சில பேர் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று பொய்ப் பெயரில் ரேஸ் ஓட்டினார்கள், அதனால்தான் என் கணக்கு குழம்புகிறது என்று ஒருநாள் அவளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். “எல்லா ஊரு ஆம்பளைங்களும் ஒண்ணுதான். கலருதான் வேற” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். பேட்டரி வாங்கக் கண்டமங்கலத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் வருவார். வழியில் இருக்கிற கடைகளில் பேட்டரிதான் கிடைக்கும், பேச்சு கிடைக்காது என்பார். ஊரில் அவர் குடும்பத்துக்கு ‘ரேஸ்காரர் வீடு’ என்று பெயர். மரியாதையில்லை, கிண்டல். அவருடைய அப்பா உயிரோடு இருந்தவரை, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தன்னைப் பெற்றவர் புதுச்சேரியில் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய், அங்கே கார் ரேசில் முதலாவதாக வந்தார் என்று. அறுவடை மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்டால் வயலில் இருக்கிற ஆட்கள் “ரேஸ்காரரே, டாப் கியரப் போடு” என்பார்கள். நண்பர் இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை.

ஆனால் மகளுக்கு அமைந்த சம்பந்தம் சும்மா விடுகிற இடமில்லை. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரியில் இருக்கிறவர். பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. நிச்சயதார்த்தப் பந்தியில் நண்பர் வாய் சும்மா இல்லாமல் தாத்தா பெருமையை எடுத்து விட்டிருக்கிறார். சம்பந்தி இலையிலிருந்து தலையைத் தூக்காமல், “நம்ம பக்கம் யாரு ஊட்டுத் தாத்தா பிரான்சுல சும்மா இருந்தாரு? ஒண்ணு ஜெனரலு, இல்லாட்டி ஈஃபில் டவருக்கு போல்ட்டு முடுக்கினவரு” என்றாராம். பந்தியே சிரித்திருக்கிறது. நண்பரின் மகளும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும், “அந்த ஊட்ல ஆயுசுக்கும் இத்தக் கேட்டுக்கினே இருக்கணுமாப்பா?” என்று கேட்டிருக்கிறது.

மறுநாளே நண்பர் கடைக்கு வந்துவிட்டார். பேட்டரி வேண்டாமாம். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

“நீதான் லோகத்துல நடந்த ரேசையெல்லாம் எழுதிக்கினு இருக்கியே, எங்க தாத்தாவக் கண்டுபுடிச்சிக் குடு. ஜல்தி. பேனரு அடிக்கணும்.”

ஒரு சின்னக் கார். மூக்கில் பதினாலு என்று நம்பர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வெள்ளைக்காரர். அவருக்குப் பக்கத்தில், தோளை ஒடுக்கிக்கொண்டு, நண்பரின் மூக்கையே வைத்திருந்த ஒரு கறுத்த மனிதர்.

“தலைவரே, ஓட்டறது தாத்தா இல்லியே” என்றேன். “இவரு மெக்கானிக்கு. அப்பல்லாம் கூட ஒருத்தரு குந்திக்கினு போவணும். எண்ணெய் பம்ப்பு அடிக்கணும், பின்னால எவன் வர்றான்னு திரும்பிப் பாத்துச் சொல்லணும்.”

“கிளீனருன்னு சொல்லு.”

“கிட்டத்தட்ட.”

நண்பர் அசரவில்லை. “லாரி மொதல்ல போயி சேந்தா கிளீனரு அடுத்த நாளா வருவான்? குந்திக்கினு இருந்தா அவரும் ஃபர்ஸ்ட்டுதான்.”

அத்தனை நாள் நான் தொகுத்த முடிவுகளில் ஓட்டுநர் உண்டு, வண்டி உண்டு, நேரம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் குடித்த ஒருவன் பெயர் கூட இல்லை.

போட்டோவை ஸ்கேன் பண்ணி அந்த மூன்று பேருக்கும் அனுப்பினேன். ரேடியேட்டர் வடிவத்தைப் பார்த்து ஒருவர் வண்டியைச் சொன்னார். வண்டியையும் நம்பரையும் வைத்து, ஐந்தாம் இடத்துக்காக என்னோடு சண்டை போட்டாரே, அந்த மனிதர் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையின் பக்கத்தைக் கண்டுபிடித்து அனுப்பினார். மலையடிவாரத்து ஊரொன்றில் நடந்த பந்தயம். முடித்தவர்கள் வரிசையில் பதினாலு இல்லை. வரிசைக்குக் கீழே பொடி எழுத்தில், நேரம் முடிந்த பிறகு வந்ததால் கணக்கில் சேராது என்று ஒரு குறிப்பு. அதற்கும் கீழே ஒரு பத்தி. போன் அதைக் கூழாக்கிக் கொடுத்தது. அந்தப் பத்தியில் யார் உதவியும் இல்லாமல் எனக்குப் படிக்க வந்தது ஒரே வார்த்தைதான். பாண்டிச்சேரி.

ஆள் நம்ம ஆள்தான், ஆனால் முதலாவது இல்லை. ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரே டீ குடிக்கும்போது இதை நண்பரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“கணக்குலயே வரலன்னா, மொதல்லயும் வரல, கடைசிலயும் வரல. அப்ப எங்க வேணாலும் போடலாம்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து கடைக்குள் போய்விட்டார். அதன் பிறகுதான் அந்த ‘எங்கய்யா நோவுது’.

“உன் சம்பந்தி போனைத் தட்டினா முடிஞ்சிது” என்றேன். “மொதல்ல வந்தவன் பேரு எங்க லிஸ்ட்லயே கீது.”

“அப்ப லிஸ்ட்ட மாத்து.”

“அதெப்படி மாத்தறது?”

“கல்யாணம் முடிஞ்சி திருப்பி மாத்திக்கயேன். எவன் பாத்துக்கினு இருக்கப் போறான்?”

டிசைன் பெண் நடுவில் வந்தார். “அங்கிள், ‘முன்னணி வீரர்’னு போடட்டுங்களா? எல்லாரும் அதான் போடுவாங்க. எதுக்கு முன்னணின்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

நல்ல யோசனைதான். நண்பர் சரியென்று சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். பேனரில் தன் படம் தாய்மாமன் படத்தை விடச் சின்னதாக இருப்பதாக யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அளந்து பார்க்க வந்தவர், தாமரைப் பூவைப் பார்த்துவிட்டார்.

“முதல் இடமா?” என்றார். கொஞ்சம் இழுத்து, “ஆதாரம் கீதா?”

நண்பர் என்னைப் பார்த்தார், டிசைன் பெண்ணைப் பார்த்தார், திரையில் சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“முதல் இடம் பொய்யி சம்பந்தி” என்றார். “மத்தது இன்னான்னு எனக்கே தெரியாது. காட்டுயா அவருக்கு.”

போனைக் கொடுத்தேன். சம்பந்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். முதலில் வாய்க்குள். பிறகு சத்தமாகப் பிரெஞ்சில், எங்களுக்குப் புரியும் என்பது போல. நடுவில் நிறுத்தி, மறுபடி மேலே போய்ப் படித்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று நண்பர் எட்டிப் பார்த்தார். சிரிக்கத்தான் செய்தார்.

“யோவ், கடைசி ரவுண்டுல வண்டி நின்னுபோச்சிய்யா. மேடு. ஓட்டறவரு ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு. மெக்கானிக்கு எறங்கி ஒத்த ஆளாத் தள்றாரு. பாண்டிச்சேரிக்காரருன்னு போட்டுக்கீது. சட்டம் அப்பிடி, வேற எவனும் கைய வெக்கக் கூடாது. மேட்ல தள்ளிக்கினு கோடு வரிக்கும் வந்துட்டாரு. வந்து பாத்தா நேரம் எழுதறவனும் இல்ல, கொடி ஆட்டறவனும் இல்ல. சாப்புடப் போய்ட்டானுங்க!”

“அப்பறம்?” என்று கேட்டார் டிசைன் பெண்.

“சாப்பாட்டுக் கடைக்குள்ள போயி கொடிக்காரனக் கையப் புடிச்சி இட்டாந்து நிக்க வெச்சிருக்காரு. அவன் வாய்ல ரொட்டியோட கொடி ஆட்டினான். அப்பறந்தான் வண்டிய கோட்டத் தாண்டித் தள்ளினாரு. எழுதிக்கீது பாரு.” போனைத் திருப்பிக் காட்டினார். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

சம்பந்தி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “எங்கப்பாரும் அங்க எத்தினியோ வருஷம் இருந்தாரு. அவரப் பத்தி எந்தப் பேப்பர்லயும் அரை வரி கெடையாது” என்றார். உடனே குரலை மாற்றி, “என் படத்த மட்டும் பெருசு பண்ணிடும்மா” என்றார்.

நண்பர் டிசைன் பெண்ணின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அந்த முதல் இடத்த எட்த்துடும்மா.”

“சக்கரவர்த்தியையும் எடுக்கட்டுங்களா அங்கிள்?”

“எடு. எந்தச் சக்கரவர்த்தி வண்டி தள்ளியிருக்கான்? தாத்தாவ அந்தப் பூவுலேர்ந்து கீழ எறக்கு. இந்தக் கார நடுவால வெச்சி, அதுல பொண்ணையும் மாப்ளையையும் குந்த வை. தாத்தா பின்னாலேர்ந்து தள்ளட்டும்.”

சம்பந்தி ஆட்சேபிப்பார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தபடி, “பையன ஸ்டியரிங்குல வைக்காத. ஓட்டத் தெரியாது. பொண்ண வை” என்றார்.

டிசைன் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “மூஞ்சி இருக்குதுங்க அங்கிள். குனிஞ்சி தள்ற மாதிரி ஒடம்புக்கு எங்க போறது? நெட்ல எடுத்தா எல்லாம் ஜிம்முக்குப் போன ஒடம்பா வரும். கல்யாணத்துக்கு வந்தவங்க சிரிப்பாங்க.”

நண்பர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். சம்பந்தியிடம், “வண்டி கியர்ல கீதா சம்பந்தி?” என்று கேட்டார். கியரில்தான் இருக்கிறது, நகராது என்றதும், டிசைன் பெண்ணைப் படமெடுக்கப் போனை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பந்தியின் காருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் டிக்கியின் மேல் ஊன்றிக் குனிந்தார்.