பியானோ தோற்ற ஞாயிறு

நேர்ந்துகொள்வதில் அப்பா பெரிய தாராளக்காரர். எனக்கு இரண்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து கண் திறக்காமல் கிடந்தபோது, வீட்டில் இருப்பதிலேயே பெரிய பொருளைக் கோவிலுக்குத் தந்துவிடுகிறேன் என்று முழங்காலில் நின்று அந்தோணியாரிடம் சொல்லிவிட்டார். அவர் மனதில் வைத்திருந்தது மர பீரோவை. காய்ச்சல் இறங்கியது. பீரோவைத் தூக்க ஆள் கூப்பிட்ட பிறகுதான், பெரியது பீரோவா பியானோவா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. முழம் போட்டுப் பார்த்தார். உயரத்தில் பீரோ, அகலத்திலும் கனத்திலும் பியானோ. புனிதரிடம் போய் உயரக் கணக்குப் பேசக்கூடாது என்று பியானோவையே அனுப்பிவைத்தார். அது அம்மாவின் பியானோ என்பது, வண்டி தெருமுனை திரும்பியபோதுதான் அவருக்கு உறைத்ததாம்.

அம்மாவின் அப்பா மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். அந்தத் தோட்டத்துத் துரைசாணி, சிறுமியாக இருந்த அம்மாவுக்குப் பொழுதுபோகாமல் பியானோ சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பியபோது அந்தப் பெட்டியையும் அம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு பியானோவும் மலையிறங்கி வந்தது.

கோவிலுக்குப் போன பிறகு அதன்மேல் ஒரு பூட்டு ஏறியது. பூட்டு ஊரில் அதற்கா பஞ்சம்? சாவி கோவில்பிள்ளையிடம். மணியடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும்போல, அம்மாவுக்குப் பியானோவைத் திறந்துவிடுவதும் அவர் வேலை என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும்தான் திறப்பார். பூசைப் பாட்டுகளைத் தவிர வேறு எதையும் வாசிக்கக்கூடாது. பூசை முடிந்ததும் அம்மா விரலை எடுப்பதற்குள் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். கோவிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்கவே கூசுகிற காரியம். கோவிலே வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு. அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கீரை ஆயும்போது மட்டும் அவள் விரல்கள் முறத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பத்து வயதாகும்போது, அம்மாவின் அண்ணன் பினாங்கிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பினார். வரும்போது மின்சாரத்தில் பாடும் ஆர்கன் ஒன்றைக் கொண்டுவந்தார். நாகல்நகரில் அவர் வீட்டுக்கு முன்னால் அதைப் பார்க்கவே கூட்டம் நின்றது. கரண்டுப் பெட்டி என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். அதைக் கோவிலுக்குக் காணிக்கையாகத் தரப்போவதாக மாமா சொன்னதும் நான் மனதுக்குள் முழம் போட்டுப் பார்த்தேன். பாடகர்கள் நிற்கும் மூலையில் இரண்டு பெட்டிக்கு இடமில்லை. கரண்டுப் பெட்டி உள்ளே வந்தால் பியானோ வெளியே போகும், அம்மாவும் வெளியே போவாள் என்பது என் கணக்கு.

பங்குச்சாமியார் யார் மனமும் கோணாமல் நடப்பவர். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் இரண்டையும் ஒரே பாட்டுக்கு வாசிக்கட்டும், பாடுகிறவர்களுக்கு எது தோதுபடுகிறதோ அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எந்தப் பாட்டு என்று தங்கச்சியே சொல்லட்டும் என்று மாமா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே மாமா வீட்டுக்கு வேவு பார்க்கப் போனேன். அவர் வெள்ளந்தியாக என்னைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, வாசி வாசி என்றார். ஒரு கட்டையை மெதுவாகத் தொட்டேன். சத்தம் வந்தது. ஓங்கிக் குத்தினேன். அதே சத்தம்தான் வந்தது. ஐந்து விரலையும் மடக்கி அடித்துப் பார்த்தேன், அது அசரவில்லை. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கீழே கால் கட்டை ஒன்று இருந்தது. அதை எட்டப்போய் ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்தேன். விழுந்தாலும் எனக்கு ஒரே குதூகலம். எதிரியின் குட்டு தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பியானோவுக்குள் கம்பளி சுற்றிய சுத்தியல்கள் கம்பியை அடிக்கின்றன. விரல் எப்படியோ சத்தமும் அப்படி. தாலாட்டவும் தெரியும், அதட்டவும் தெரியும். கரண்டுப் பெட்டிக்கு விரலின் மனசு தெரியாது. அதனால் அம்மா கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் சொல்ல வேண்டும், குழந்தை தூங்குகிற இடத்தில் பஞ்சாக ஆரம்பித்துக் கடைசியில் கோவிலே அதிர வாசிப்பாளே, அந்தப் பாட்டை. அதில் மாமா மண்ணைக் கவ்வுவது உறுதி.

அம்மா மீனைக் கீழே வைத்தாள்.

"அது கெடக்கட்டும். வெரல எடுக்காம அப்படியே வச்சிருந்தா சத்தம் தேயுதா?"

"தேயவே இல்லம்மா. அருள்நிறை மந்திரம் முழுசும் சொல்லி முடிச்சேன். அம்புட்டு நேரமும் அப்படியே நின்னுச்சு."

பியானோவில் அது நடக்காது. ஒரு முறை அடித்தால் அந்தச் சத்தம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். அம்மா அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் மீனைக் கையில் எடுத்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரவு செபத்தில் மாமாவுக்கு லேசாகக் கை சுளுக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் விண்ணப்பம் போட்டேன்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. என்ன பாட்டு என்று சாமியார் கேட்டார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னது கிறிஸ்துமஸ் பாட்டை அல்ல. நற்கருணை ஆசீருக்குப் பாடும் பாட்டு. ஊர்ந்து ஊர்ந்து போகிற பாட்டு. ஒவ்வொரு சொல்லையும் மூச்சு முட்டும்வரை இழுத்து நிறுத்த வேண்டும். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியம்மா பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அம்மா முதலில் வாசித்தாள். கட்டையை அழுத்துவாள், சத்தம் எழும், பாடகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். அவர்கள் பாதி தூரம் போவதற்குள் பியானோ ஓய்ந்துவிடும். பிடிமானம் இல்லாத குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அடுத்த கட்டை விழும்போது பாட்டு ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். முன்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி மறுபடி அடித்துச் சத்தத்தை நிறுத்திப் பிடிக்கும் வித்தை அம்மாவுக்குத் தெரியும், எத்தனையோ முறை அப்படிச் சமாளித்திருக்கிறாள். அன்றைக்கு என்னவோ அவள் அதைச் செய்யவில்லை.

பிறகு மாமா உட்கார்ந்தார். அவர் விரல் வைத்த இடத்தில் சத்தம் அசையாமல் நின்றது. பாடகர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுத்தார்கள். கோவில் நிறைந்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது, அந்தத் துரோகத்துக்காக என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன்.

தீர்ப்பில் குழப்பமே இல்லை. சாமியார் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

"மனசு சங்கடப்படாதீங்கம்மா. நேர்ச்சை எப்பவோ நிறைவேறிருச்சு. இங்க போட்டு வச்சா கரையான் தின்னுரும். பியானோவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

"சரிங்க சாமி," என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

மாமாவுக்குத்தான் தாங்கவில்லை. தங்கச்சியை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று தவித்துப்போனார். அன்றைக்கே மாட்டு வண்டி பேசினார். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்க மதுரையிலிருந்து ஆள் வரச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார். மத்தியானம் பியானோ கயிறு கட்டி வண்டியில் ஏறியது. பூட்டுப் பட்டறைகளையும் பிரியாணிக் கடையையும் தாண்டி வந்தோம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே இருந்த அத்தனை கம்பிகளும் ஒன்றாக முனகின. நான் துக்க வீட்டுக்குப் போகிறவளைப்போல் பின்னால் நடந்தேன். அம்மாவோ சப்பரத்துக்கு முன்னால் போகிறவளைப்போல் நிமிர்ந்து நடந்தாள். துக்கத்தை வெளியே காட்டாத வைராக்கியம் என்று வியந்தேன்.

வாசற்கதவைக் கழற்றித்தான் பியானோவை உள்ளே கொண்டுபோக முடிந்தது. இடத்துக்காகப் பீரோ கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனது. அதன் ஒரு பக்கத்தை அப்பாவே தூக்கினார்.

அம்மா கோவில் சேலையைக்கூட மாற்றவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். முதலில் கிறிஸ்துமஸ் பாட்டு, பஞ்சாக ஆரம்பித்துக் கூரை அதிரும்வரை. அதற்குப் பிறகு எனக்கு நினைவு தெரிந்து கேட்டிராத பாட்டுகள், துரைசாணி சொல்லிக்கொடுத்த துள்ளுகிற நடனப் பாட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் தோள்கள் குலுங்கின. கழுத்து வியர்த்தது. கழற்றிய கதவு வழியாகத் தெருவே எட்டிப் பார்த்தது. மாமா வாசலில் நின்று கைதட்டினார். சோறு குழைந்துபோனதை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை, எனக்கு மட்டும் அழுகையாக வந்தது.

ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"கவலப்படாதம்மா. நாளைக்கு நானே சாமியார்கிட்டப் போறேன். கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பியானோதான் ஒசத்தின்னு எடுத்துச் சொல்லி, இதைத் திருப்பிக் கோவிலுக்கே கொண்டுபோகச் சொல்றேன்."

அம்மாவின் கைகள் கட்டைகள்மேல் அப்படியே நின்றன. முதன்முதலாக அன்றைக்கு அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். அந்த வேலைய மட்டும் பாத்துராத."

தோற்றவர்களுக்கு மறுபடி மோதிப் பார்க்கத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். அம்மாவை மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.