மூன்றாவது ஸலாம்

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து யாரோ நேர்ச்சைச் சோறு அனுப்பியிருந்தார்கள். எங்கள் யதீம் இல்லத்தில் பெற்றாரில்லாத இருபத்து நாலு பெண்பிள்ளைகள். ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர், ஆக நாலு சகன். நாலாவது சகனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். பரீதாவைக் காணவில்லை.

கிணற்றடியில் பார்த்தேன், படுக்கைக் கூடத்தில் பார்த்தேன், முருங்கை மரத்தடியில் பார்த்தேன். இல்லை. கடற்கரை வீதிப் பக்கத்துக் கேற் திறந்து கிடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. என் பொறுப்பில் இருந்தவள்.

சகோதரிகளே, அந்த நேரம் அல்லாஹ்வின் பெயர்தான் என் வாயில் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லத்துக்கு வந்துபோன ஹாஜறாவின் பெயர். அவள்தான் கொண்டுபோயிருப்பாள் என்று நினைத்தேன்.

நான் சந்தேகக்காரி. அதை ஒளிப்பதற்கில்லை. பால்மா டின்னைக் கையில் தூக்கினாலே எத்தனை கரண்டி குறைந்தது என்று சொல்லிவிடுவேன். கேற்றுக்குள் கால் வைக்கிற எவரையும் நான் நம்பியதில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு, பெற்றார் இல்லாத பிள்ளைகளைத் தேடி எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். வளர்க்கப் போகிறோம் என்றார்கள். கோப்பை கழுவத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

சோறு கொண்டுவருகிறவர்களையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். யதீம் பிள்ளை கையேந்தித் துஆக் கேட்டால் அல்லாஹ் தட்ட மாட்டான் என்று வருவார்கள். மகன் வெளிநாடு போக வேண்டும், வழக்கு வெல்ல வேண்டும், வயல் விளைய வேண்டும். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். சகனைக் கண்டால் கை தானாக உயரும். ஆமீன் சொல்வார்கள். பிறகு சோற்றில் விரலால் கோடு கிழித்து, அவரவர் பங்குக்குள் குனிந்துகொள்வார்கள். கோட்டைத் தாண்டினால் நகக்கீறல்தான். ஒருத்தியோடு ஒருத்தி கதைப்பதே இல்லை.

சூறாவளிக்கு அடுத்த வருடம் ஹாஜறா வந்தாள். வேற்றூர்க்காரி, விதவை, பள்ளிவாசல் ஒழுங்கையில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். கையில் ஒன்றுமில்லாமல் வந்தாள். எனக்கு முதல் சந்தேகம் அதிலேதான். வந்தவள் பிள்ளைகளிடம் துஆவும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "உனக்கு நான் என்ன துஆ கேக்கணும் மகள்?" என்றாள்.

பிள்ளைகள் முழித்தார்கள். அப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஒருத்தி செருப்பு என்றாள். இன்னொருத்தி, "சாச்சி ஏசாம இரிக்கணும்" என்றாள். சாச்சி என்பது நான்தான். பரீதா மட்டும் பல நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஹாஜறாவின் காதுக்குள் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஹாஜறா சிரித்துவிட்டு, "அது எனக்கும் அல்லாஹ்வுக்கும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சகனில் பிள்ளைகளோடு ஏழாவது ஆளாக இருந்து உண்பாள். தன் இறைச்சித் துண்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். ரெண்டு கிழமையில் பரீதாவும் தன் துண்டைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளினாள். பிள்ளைகளை வளைத்துப் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவள் அவர்களுக்கு ஒரு வீட்டுக்குப் போகிற முறையைப் பழக்கினாள். கதவுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில். உள்ளே எட்டிப் பார்க்காதே. மூன்று தரம் ஸலாம் சொல். ஆரு என்று கேட்டால் 'நான்' என்று சொல்லாதே, பேரைச் சொல். பதில் இல்லாவிட்டால் மனங்கோணாமல் திரும்பு. ஆருக்காவது வருத்தம், நோய் நொடி என்றால் போய்ப் பார்.

எனக்கு அதோடு எல்லாம் விளங்கிவிட்டது, அப்படித்தான் எண்ணினேன். வீடு வாசல் இல்லாத பிள்ளைகளுக்கு அடுத்தவர் வீட்டுக்குள் போகப் பழக்குவது எதற்கு? வேலைக்காரி ஆக்கத்தானே? கேற்றடியில் மறித்து, "இனி வர வேணாம்" என்றேன். அவள் திரும்பிப் போனாள். அவளை இந்தப் பக்கம் வரவிடாதே என்று ஐவேளையும் துஆவும் கேட்டேன். ரெண்டு கிழமையாக அவள் வரவில்லை. பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். "அவவுக்கு வருத்தமாம்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

அந்தப் பொய்யை நான் மறந்துபோனேன். பரீதா மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். சமையலுக்கு இருந்த சுலைஹாவை ஹாஜறாவின் வீட்டுக்கு ஓடவிட்டேன். அவள் மூச்சிரைக்க வந்து சொன்னாள். "வீட்ட பூட்டுப் போட்டிரிக்கி சாச்சி. புதன்கிழமை பேக்கையும் தூக்கிக்கு கல்முனை பஸ்ஸில ஏறினயாம்."

புதன்கிழமை போனவள் வெள்ளிக்கிழமை எப்படிப் பிள்ளையைக் கொண்டுபோவாள்? அந்த யோசனைகூட எனக்கு வரவில்லை. ஆளை வைத்துக் கடத்தியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சுலைஹாவை அடுத்த தெருவுக்குத் தேட அனுப்பி, மற்றப் பிள்ளைகளைப் பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, கூடத்தில் பாயை விரித்து இரண்டு ரக்அத் தொழ நின்றேன். ஸுஜூதில் நெற்றியை வைத்ததும் அழுகை வந்தது. யா அல்லாஹ், நான் நினைத்தது பொய்யாகட்டும். பிள்ளையைத் திருப்பித் தா. நான் எண்ணியது பிழையாக இருக்க வேண்டும் என்று என் சீவியத்தில் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசி இருப்பில் இருக்கிறேன். வாசலில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

தொழுகையில் எப்படிப் பதில் சொல்வது? இருப்பில் ஓதுகிற அத்தஹிய்யாத்தைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "அஸ்ஸலாமு அலைக்கும்."

அப்போதுதான் ஹாஜறா பழக்கியது ஞாபகம் வந்தது. மூன்று தரம். பதில் இல்லாவிட்டால் திரும்பு. என் நாக்கு ஓதிக்கொண்டிருந்தது, கண்ணீர் நாடியால் வடிந்தது. மூன்றாவது ஸலாமும் வந்தது. அது முன்னதைவிட மெதுவாக இருந்தது. நான் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, பாயில் தடுக்கி விழுந்து எழும்பி ஓடினேன்.

வாசலில் ஒருவரும் இல்லை. பரீதா முதுகைக் காட்டிக்கொண்டு கேற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று கத்தினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். "ஆருகா அது?"

அவள் நின்று திரும்பினாள். "பரீதா" என்றாள். "பரீதா வந்திரிக்கன் சாச்சி."

அவளைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. "எங்ககா போன நீ?"

"ஹாஜறா மாமிக்கு வருத்தம் எண்டு பாக்கப் போன. மூணு தரம் ஸலாம் சொன்னன். ஆரும் கதைக்கல்ல. மறுகா கடக்கரையால சுத்தி வந்தன். இஞ்சயும் ஆரும் கதைக்கல்ல."

"அதுக்கு? கேற்றால வெளிய எங்க போகப் பாத்த?"

"தெரியா" என்றாள்.

ஹாஜறா பத்து நாள் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாளாம். நான் அவள் வீட்டுக்குப் போய், கதவுக்கு ஒரு பக்கமாக நின்று ஸலாம் சொல்லி, என் பேரைச் சொன்னேன். நினைத்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளும் அழுதாள். பரீதா காதுக்குள் சொன்ன துஆவை அன்றுதான் எனக்குச் சொன்னாள். சூறாவளியில் இறக்காமம் ஊரிலிருந்த அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்து உம்மாவும் வாப்பாவும் மௌத்தானபின், அந்தப் பிள்ளை சொந்தக்காரர் வாசல்களில் நின்றிருக்கிறாள். ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான்: நான் ஒரு வீட்டுக்குப் போய் ஸலாம் சொன்னால், உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும்.

நான் கேட்டதையும் பரீதா கேட்டதையும் அல்லாஹ் ஒரே வாசலில் தந்தான். அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகு ஹாஜறா கிழமைக்கு ரெண்டு நாள் வந்தாள். பிள்ளைகளை வருத்தக்காரர் வீடுகளுக்கு நானே கூட்டிப்போனேன். சகனில் கோடு போடுவது எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பால்மா டின்னை இன்றைக்கும் தூக்கித்தான் பார்க்கிறேன், அந்தக் குணம் முழுக்கப் போகவில்லை.

சகோதரிகளே, உங்கள் மனதில் யார்மீதாவது அப்படி ஒன்று இருந்தால், அது பொய்யாகட்டும் என்று ஒரு தரம் ஸுஜூதில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வாசலிலும் ஒரு காதை வைத்துக்கொள்ளுங்கள்.

பரீதாவுக்கு இப்போது புருசனும் கைப்பிள்ளையும் இருக்கிறார்கள். போன நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கமாக நின்று ஸலாம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது.